சாகாத கோழிகளின் கணக்கு

ஓசூரில் நின்று கோழியைப் பற்றிப் பேசுவதென்றால் குதிரையிலிருந்து தொடங்குவதுதான் முறை. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக இந்த ஊரில் ஒரு பண்ணை போட்டது. இன்றைக்கும் மத்திகிரிப் பக்கம் ‘கேட்டில் ஃபார்ம்’ என்று வழி சொல்கிறார்களே, அதுதான். குதிரை போனது, மாடு வந்தது. பிறகு அதே மத்திகிரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக்கென்றே ஒரு கல்லூரியைத் திறந்தது. கால்நடை மருத்துவம் இந்த 200 ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை மத்திகிரிச் சாலையில் ஒரு நடை போய் வந்தாலே பார்த்துவிடலாம்.

குதிரை வைத்தியருக்கு ஒவ்வொரு குதிரையும் ஒரு சொத்து. காலைத் தூக்கிப் பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கோழி டாக்டரின் கணக்கு வேறு. ஒரு பிராய்லர் கோழியை விற்ற காசு அவர் பண்ணைக்கு வந்துபோகும் பெட்ரோலுக்குக் காணாது. அதனால் ஒரு கோழியைக் காப்பாற்ற அவரை யாரும் கூப்பிடுவதில்லை. சொல்லப்போனால், சொணங்கி நிற்கும் இரண்டு மூன்று கோழிகளைப் பிடித்து அறுத்துப் பார்ப்பதில்தான் அவர் வைத்தியமே தொடங்குகிறது. அவருக்கு நோயாளி என்றால் 5,000 கோழிகள் அடைந்திருக்கும் மொத்த ஷெட்டும்தான்.

அனுபவப்பட்டவர் உள்ளே நுழைந்ததும் கோழியைப் பார்ப்பதில்லை. வாசலிலேயே ஒரு நிமிஷம் நிற்பார். கண் எரிகிறதா? கூளத்தில் ஈரம் ஏறி அம்மோனியா கிளம்பிவிட்டது. கோழிகள் பரவலாக நிற்கின்றனவா, ஒரே மூலையில் அடைகின்றனவா? கூளத்தில் ஒரு பிடி அள்ளிப் பிசைவார்; உருண்டை பிடித்தால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. சளி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரைச்சல் அடங்கிய பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரகரப்பு கேட்கும். அது எத்தனை இடத்திலிருந்து வருகிறது என்பதுதான் அவருக்கு எக்ஸ்ரே.

பிறகு தண்ணீர். தீவனக் கணக்கை எல்லாப் பண்ணைக்காரர்களும் எழுதிவைப்பார்கள். தண்ணீர்க் கணக்கு எழுதுபவர்கள் குறைவு. கோழி தான் தின்னும் தீவனத்தின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். பெரும்பாலான நோய்களில் சாவு கூடுவதற்கு முன்பே இந்த அளவு இறங்கிவிடும். தொட்டியில் ஒரு அளவுக்கோடு போட்டு, தினமும் அதைப் பார்க்கிறவர் மற்றவர்களைவிட ஒரு நாள் முந்தி டாக்டருக்குப் போன் செய்கிறார். கோழிப் பண்ணையில் ஒரு நாள் என்பது பெரிய காலம். பிராய்லரின் மொத்த வாழ்வே 40 நாள் சொச்சம்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாவட்டம் ஒன்று, வானிலை இரண்டு. ஓசூரும் தளியும் தேன்கனிக்கோட்டையும் மேட்டில் இருக்கின்றன. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். வெள்ளைக்காரன் இதற்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பேர் வைத்ததில் கொஞ்சம் நியாயம் இருந்தது. சூளகிரி தாண்டி இறங்கினால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம்: வெயில். மார்கழியில் மேட்டுப் பண்ணைக்காரர் குளிருக்குப் பயந்து தார்ப்பாய்த் திரையை இறுக மூடிவிடுவார். காற்று நின்றுவிடும், அம்மோனியா ஏறும், சளி பிடிக்கும். வேகமாக வளரும் கோழிக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அதே டாக்டர் சித்திரையில் கீழே போனால், நண்பகலில் வாயைப் பிளந்து இரைக்கும் கோழிகளுக்குக் கூரைமேல் தண்ணீர் தெளிக்கச் சொல்ல வேண்டும், வெயில் நேரத்தில் தீவனத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் அவர் இரண்டு விதமாகப் பேச வேண்டும். பாஷையிலோ நான்கு விதமாக. பண்ணைக்காரர் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுவார், கம்பெனி சூப்பர்வைசர் தமிழ். ஷெட்டில் தங்கி வேலை செய்கிறவர்கள் பல இடங்களில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்கள். உள்ளூர் இளைஞர்கள் சிப்காட் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

அறுத்துப் பார்ப்பதற்கு வருவோம். சாப்பிடும் நேரம் நெருங்கியிருந்தால் அவையோர் மன்னிக்க வேண்டும்.

பண்ணைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் திண்ணை, ஒரு கத்தரிக்கோல், கையுறை. அவ்வளவுதான் ஆபரேஷன் தியேட்டர். சுரப்பி இரைப்பையின் உட்புறம் ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைக்கழிச்சல் என்ற சந்தேகம் வரும். குருட்டுக்குடலில் ரத்தம் தேங்கியிருந்தால் ரத்தக்கழிச்சல். ஈரல் வெளிறிப் பெருத்திருந்தால் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம். 1960-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து, காரணம் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கு என்று தெரிந்த பிறகுதான் அஃப்ளாடாக்சின் என்ற பெயரே பிறந்தது. தொடைச் சதையில் ரத்தக் கீற்றுகள் இருந்து, ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சிறு பை வீங்கியிருந்தால் கம்போரோ.

இந்தப் பர்சாவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கம்போரோ வந்த பண்ணைக்காரருக்கு அதன் பெயர் தெரியும். அதற்குள் இருக்கும் கதை தெரியாது. 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இத்தாலியின் பதுவாவில் ஃபாப்ரிசியஸ் என்ற உடற்கூற்றியலாளர் இந்தப் பையைப் பற்றி எழுதிவிட்டார். அது எதற்கு இருக்கிறது என்று மட்டும் 300 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 1950-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் குஞ்சுகளிலிருந்து பர்சாவை வெட்டியெடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உருப்படியாக ஒன்றும் ஆகவில்லை. திமோதி சாங் என்ற நண்பர், நோய் எதிர்ப்புப் பொருள் உடலில் எப்படி உண்டாகிறது என்று வகுப்பில் காட்டுவதற்காகக் கோழி கேட்டார். கிளிக் தன்னிடம் சும்மா இருந்த கோழிகளைக் கொடுத்தார். பாடம் சொதப்பிவிட்டது: பர்சா இல்லாத கோழிகளில் எதிர்ப்புப் பொருள் உண்டாகவேயில்லை. அந்தச் சொதப்பல்தான் கண்டுபிடிப்பு. பெரிய அறிவியல் இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்ப, 1956-ல் அது கோழியியல் இதழ் ஒன்றில் வந்தது. இன்று மனித மருத்துவப் புத்தகங்களில் ‘பி செல்’ என்று படிக்கிறார்களே, அந்த ‘பி’ பர்சாவின் முதல் எழுத்து. நம் உடலின் காவல்படைக்குக் கோழியின் வால்பக்கத்துப் பையிலிருந்து பெயர் வந்திருக்கிறது.

கம்போரோ வைரஸ் தாக்குவது சரியாக இந்தக் காவல் நிலையத்தை. அதனால்தான் டாக்டர்கள் அதற்கு அவ்வளவு பயப்படுகிறார்கள். கம்போரோவில் தப்பிய கோழி அடுத்த சளியில் சாகும், போட்ட தடுப்பூசியும் அதனிடம் பிடிக்காது. பண்ணைக்காரர் ‘மருந்து சரியில்லை’ என்று கம்பெனியைத் திட்டுவார்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். பிராய்லர் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. இயந்திரத்தில் பொரிந்து, அட்டைப் பெட்டியில் லாரி ஏறி வருகிறது. ஆனாலும் தாய் ஒரு சீதனம் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறாள். முட்டையின் மஞ்சள் கரு வழியாகத் தாயின் எதிர்ப்புப் பொருள் குஞ்சின் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. கோழி டாக்டரின் பாதித் தலைவலி இந்தச் சீதனத்தில் இருக்கிறது. அது கரைவதற்கு முன் தடுப்பு மருந்து கொடுத்தால், தாய் தந்த காவலே மருந்து வைரஸை அடித்துவிடும். கரைந்த பிறகும் காத்திருந்தால் நிஜ வைரஸ் முந்திக்கொள்ளும். இடையில் சில நாட்கள்தான் சந்து. முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, இரண்டாம் வார வாக்கில் தண்ணீரில் கம்போரோ மருந்து என்று சொல்லும் அட்டவணைகளுக்குப் பின்னால் இந்தச் சந்தினைத் தேடும் கணக்குத்தான் இருக்கிறது. லசோட்டா என்பது மருந்துக் கம்பெனியின் பெயரில்லை. 1940-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் யாருடைய பண்ணையில் அந்த மென்மையான வைரஸ் கிடைத்ததோ அந்தப் பண்ணைக்காரரின் குடும்பப் பெயர்.

தண்ணீரில் மருந்து கொடுப்பது எளிது என்று தோன்றும். குளோரின் கலந்த தண்ணீரில் கலக்கினால் உயிருள்ள மருந்து கோழியின் வாய்க்குப் போகுமுன்பே செத்துவிடும். அதனால் முந்தின நாளே குளோரினை நிறுத்தி, மருந்து கலக்கும் தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் போட்டு, கோழிகளை ஒன்றிரண்டு மணி நேரம் தாகமாக வைத்து, விடியற்காலையில் கொடுக்க வேண்டும். சில டாக்டர்கள் மருந்தோடு நீலச் சாயமும் கலப்பார்கள். அரை மணி கழித்து நூறு கோழியைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு நீலமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மருந்து கொடுத்தாயா என்று வேலையாளைக் கேட்பதைவிட நாக்கைக் கேட்பது மேல்.

இனி எல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூரின் பிரியாணிக் கடைகளுக்கு அதிக தூரமில்லை. கோழி வண்டி ராத்திரியில் ஏறிப் போகிறது, காலிக் கூண்டு விடியலில் இறங்கி வருகிறது. ஆபத்து அந்தக் காலிக் கூண்டில் இருக்கிறது. பத்துப் பண்ணைக் கோழிகள் கூடிய சந்தையில் நின்று, எச்சம் காயாமல், நேராக அடுத்த பண்ணை வாசலுக்கு வருகிறது. முட்டை அட்டையும் அப்படித்தான். கோழி எரு அதைவிட மோசம். ராயக்கோட்டைத் தக்காளிக்கும் ஓசூர் ரோஜாவுக்கும் எரு வேண்டும், எந்த ஷெட்டிலிருந்து அள்ளியது என்று யாரும் கேட்பதில்லை. 2017-ல் சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகு லாரிகளுக்கு நிற்கும் நேரம் மிச்சம். கிருமிக்கும் மிச்சம்தான்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது அது இங்கிருந்து தூரத்துச் செய்தி. 2012 அக்டோபரில் அப்படி இல்லை. பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டாவில், மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிறுவனத்திலேயே முதலில் வான்கோழிகள் சாகத் தொடங்கின; போபால் ஆய்வகம் எச்5என்1 என்று உறுதி செய்தது; ஆயிரக்கணக்கில் பறவைகள் அழிக்கப்பட்டன. நாட்டுக்கே கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. கிருமி சர்டிபிகேட் பார்ப்பதில்லை. 2018 ஜனவரியில் பெங்களூர் தாசரஹள்ளியில் மறுபடியும் வந்தது. 2025 தொடக்கத்தில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் வந்தது. சில வாரங்களில் சிக்கபல்லாப்பூர் மாவட்டத்து வரதஹள்ளியில் வந்தது. அப்படிப்பட்ட ஒவ்வொரு தடவையும் எல்லைச் சாவடிகளில் கால்நடைத் துறையினர் கிருமிநாசினித் தெளிப்பானோடு நிற்க வேண்டியிருக்கிறது. நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் பறவைகளை அழிப்பது, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பது என்பது தேசியச் செயல்திட்டத்தின் விதி. வட்டத்தை வரையும்போது மாநில எல்லை குறுக்கே வந்தால் இரண்டு மாநில அதிகாரிகள் பேசிக்கொள்ள வேண்டும். வைரஸுக்கு அந்தச் சிரமம் இல்லை.

இதில் டாக்டர்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு சங்கதி உண்டு. கிருமியைப் பண்ணை பண்ணையாகச் சுமக்கக்கூடியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டாக்டர்தான். அவருடைய பூட்ஸ், அவருடைய பைக் டயர், அவருடைய கத்தரிக்கோல். அதனால்தான் ஒழுங்கான கோழி டாக்டரின் ஒரு நாள் வேலை குஞ்சுப் பண்ணையில் தொடங்கி, வயதான கோழிப் பண்ணை வழியாக, நோய் வந்த பண்ணையில் முடியும். திரும்பிப் போய்க் குளித்தாக வேண்டும். நோய்ப் பண்ணைக்காரர் காலையிலிருந்து பத்து முறை போன் செய்தாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. ‘கடைசியாக வருகிறாரே’ என்ற கோபத்தைத் தாங்கிக்கொள்வதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை. இப்போதெல்லாம் பண்ணைக்காரரையே அறுக்கச் சொல்லி வாட்ஸப்பில் வீடியோ பார்த்துவிடுகிறார்கள். போகாமலே இருப்பது பல நாட்களில் நல்ல வைத்தியம்.

கொங்கு நாட்டில் 1990-களில் உடுமலைப்பேட்டைச் சுகுணா போன்ற நிறுவனங்கள் ஒப்பந்த வளர்ப்பைப் பரப்பிய பிறகு இந்த டாக்டரின் இடமே மாறிப்போனது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது. எடைக்கு எடை வளர்ப்புக்கூலி. டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. கோழி செத்தால் ‘குஞ்சே சரியில்லை’ என்று விவசாயி சொல்வார், ‘பராமரிப்பு சரியில்லை’ என்று கம்பெனி சொல்லும், நடுவில் டாக்டர் எழுதும் இரண்டு வரி அறிக்கையில் ஒருவருடைய கூலி குறையும். கல்லூரியில் இந்தப் பாடம் கிடையாது.

இன்னொரு இழுப்பு ஆன்டிபயாடிக். சந்தேகத்துக்கு ஒரு பாக்கெட் தண்ணீரில் கலந்துவிட்டால் பண்ணைக்காரருக்கும் நிம்மதி, டாக்டருக்கும் நிம்மதி. வைரஸ் நோய்க்கு அதனால் பயனில்லை என்று இருவருக்கும் தெரியும். மனிதர்களுக்கு மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாகப் போடும் கொலிஸ்டின், கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகச் சேர்க்கப்பட்டுவந்தது. 2015-ல் சீனாவில், அந்த மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கு கொலிஸ்டினைத் தடை செய்தது. இது தாமதமான நல்ல முடிவு. ஆனால் பாக்கெட் இல்லாமல் பண்ணையை நடத்த வேண்டுமானால் கூளம், காற்று, தண்ணீர், இடைவெளி எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். ஒரு பேட்ச் போன பிறகு ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்படித்து இரண்டு வாரம் காலியாகப் போட வேண்டும். காலி ஷெட்டைப் பார்க்கும் விவசாயிக்கு வங்கித் தவணை ஞாபகம் வரும்.

அந்த இரண்டு வாரம் காத்ததால் சாகாத கோழிகளின் கணக்கு எந்த ரிஜிஸ்டரிலும் ஏறுவதில்லை. சாவு ஏறுகிறது, தினமும், சிவப்பு மையில். ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு வருகிற இளைஞருக்கு இது உறுத்தத்தான் செய்யும். கூடப் படித்தவர் பெங்களூரில் நாய்க்கு எலும்பு ஒட்டவைத்து, உரிமையாளரின் கண்ணீரோடு நன்றி வாங்குகிறார். கோழி டாக்டருக்குப் போன் வராத நாள்தான் நல்ல நாள்.

பண்ணைகளை விட்டுவிட்டு ஊருக்குள் வந்தால், நாட்டுக்கோழிக்கு இன்னமும் எமன் வெள்ளைக்கழிச்சல்தான். 1920-களின் பிற்பகுதியில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைகாட்டிய நோய் இது. உலகம் அதை நியூகாசில் என்கிறது. இமயமலைப் பட்டாள ஊரில் கண்டதால் நாம் ராணிகெட் என்கிறோம். 1940-களில் அதே மலைப்பக்கம் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் பக்குவப்படுத்திய தடுப்பு மருந்து வகையை, 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. குளிர்பெட்டி இல்லாமலும் தாங்கும் வைரஸ் வகையைத் தீவனக் குருணையில் ஏற்றி வாய்வழியாகக் கொடுக்கும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகமும் உருவாக்கியிருக்கிறது. மலைக் கிராமங்களுக்கு அது பெரிய வசதி. ஆனாலும் பெரும்பாலான ஊர்களுக்கு இன்னும் ஊசிதான். வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் முகாம்.

முகாம் நாளில் அரசுக் கால்நடை மருத்துவரும் ஆய்வாளரும் இருட்டோடு கிளம்ப வேண்டும்; பஞ்சாரத்தைத் திறந்துவிட்ட பிறகு கோழி அகப்படாது. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி. கரைத்த குப்பிக்கு ஆயுள் இரண்டு மணி நேரம்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் இந்தக் காட்சி வருஷா வருஷம் நடக்கும். ‘போன தடவை ஊசி போட்டீங்க, மறுநாளே ரெண்டு செத்துப்போச்சு சாமி’ என்று ஒரு பாட்டி கதவைப் பாதி சாத்துவார். அவை ஏற்கெனவே நோய் வாங்கியிருந்த கோழிகள் என்பதைக் கன்னடம் கலந்த தமிழில் விளக்கிச் சொன்னால், கொஞ்ச நேரம் கழித்து மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பெட்டைகளைக் கொண்டுவந்து நீட்டுவார். சேவலை மட்டும் கொண்டுவர மாட்டார். அது முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டது, ஊசி படக் கூடாது. டாக்டர் குப்பியைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னும் பன்னிரண்டு வீடு இருக்கிறது. இதற்குள் சேவல் புளியமரத்தில் ஏறியிருக்கும்.